ஆறு ஒயர் வீடெக் பெட்டி: 18,000 ரூபாயும் ஒரு ராக்கர் செட்டும் போன கதை

பழைய ஹோண்டா வைத்திருப்பவர்கள் யாராவது "வீட்டிலேயே செய்த வீடெக் கன்ட்ரோலர்" என்று ஒரு கறுப்புப் பெட்டியை (வீடெக் என்பது வேகம் ஏறினால் இன்ஜின் வால்வுகளை அதிகமாகத் திறக்கும் ஹோண்டா ஏற்பாடு) வாங்க யோசித்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. பில் கிடையாது, எல்லாம் போனில் பேசியதுதான், பெயர் போட்டால் நாளைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

என் வண்டி 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக். 106 குதிரைத்திறன். வீடெக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: என் வண்டியில் இருப்பது இன்டேக் பக்கம், அதாவது காற்று உள்ளே போகும் பக்கம் மட்டும்தான். சாதாரண வேகத்தில் கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டில் இருக்கும் இரண்டு சின்ன மேடுகள் ராக்கர் என்ற நெம்புகள் வழியாக வால்வுகளைத் திறக்கும், நடுவில் ஒரு பெரிய மேடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏறியதும் ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், சோலனாய்டு என்ற மின்சார வால்வுக்கு 12 வோல்ட் கொடுக்கும், அது ஆயில் வழியைத் திறக்கும், ஆயில் அழுத்தம் ராக்கர்களுக்குள் இருக்கும் பூட்டு ஊசியை (பின்) தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டும், அதற்கப்புறம் வால்வுகள் பெரிய மேட்டின் சொல்படி ஆடும். அவ்வளவுதான். ஆன் அல்லது ஆஃப், நடுவில் எதுவும் இல்லை. 1989-ல் இன்டெக்ராவில் ஹோண்டா கொண்டுவந்த யோசனை, இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு மயக்கம் உண்டு. ஏமாந்ததற்கு அந்த மயக்கமும் ஒரு காரணம்.

போன வருடம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் செய்து பார்த்தால் இரண்டு நீள மினுக்கு, ஒரு குட்டை மினுக்கு. கோடு 21. சோலனாய்டு சர்க்யூட்டில் கோளாறு. சோலனாய்டை மீட்டர் வைத்துப் பார்த்தோம், 14-க்கும் 30-க்கும் இடையில் ஓம்ஸ் வர வேண்டும், சரியாகவே வந்தது. ஒயரும் நன்றாக இருந்தது. ஆக ஈசியூவுக்குள் அந்த 12 வோல்ட்டை அனுப்பும் டிரைவர் என்ற பாகம் போயிருக்கிறது. எங்கள் மெக்கானிக் அண்ணன் கையை விரித்தார், இந்த வயசு வண்டிக்கு ஈசியூ எங்கே தேடுவது என்று.

அப்போதுதான் அந்தப் பெட்டி விற்பவர் சிக்கினார். இல்லை, நான் சிக்கினேன். தானே டிசைன் செய்த கன்ட்ரோலர், ஈசியூவே தேவையில்லை, ஆர்.பி.எம்., ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு மூன்றையும் பார்த்துத்தான் வீடெக்கைப் போடும் என்றார். ஆறு ஒயர். ஒவ்வொன்றிலும் அழகாக லேபிள். "தம்பி, இதே பாக்ஸ் டொயோட்டா வி.வி.டி.-ஐ வண்டிக்கும் ஓடும், ஒரு செட்டிங் மாத்தினா போதும்" என்றார். அந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். டொயோட்டாவில் இருப்பது வேறு சங்கதி. அங்கே கேம் ஷாஃப்டின் கோணத்தையே கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் திருப்ப வேண்டும், அதற்கு கிராங்க் எங்கே, கேம் எங்கே என்று ஒவ்வொரு நொடியும் தெரிய வேண்டும், ஆயில் வால்வுக்குத் துடிப்பாக மின்சாரம் கொடுத்துக் கட்டுப்படுத்த வேண்டும். ஆன்-ஆஃப் பெட்டி அதைச் செய்யாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

18,000 ரூபாய், இரண்டு தவணையாக ஜீபேயில் அனுப்பினேன். வந்த பெட்டி முழுக்க எபாக்சி, கல் மாதிரி இறுகும் பிசின், ஊற்றி அடைத்திருந்தது. "தண்ணி போகாது தம்பி, அதிர்வு தாங்கும்." நானும் ஆஹா என்றேன்.

மாட்டிய அன்று வண்டி ஓடியது. ஆனால் 4800 ஆர்.பி.எம்.-இல் மாற வேண்டிய சத்தம் 2400 பக்கத்திலேயே மாறியது. போன் செய்தேன். "அதுதான் டியூனிங், சிட்டி டிராஃபிக்குக்கு ஏத்த மாதிரி வெச்சிருக்கேன்." பெரிய கேமைக் கீழ் வேகத்தில் போட்டால் இழுவை குறையும் என்பது இந்த விஷயத்தின் முதல் பாடம், அதைக்கூட அவர் எதிர்த்துப் பேசினார், நான் அடங்கிப் போனேன். அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் அந்த 2400-ஐச் சுற்றியேதான் இருக்கும், வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, டேஷ்போர்டுக்குக் கீழே பல்லி கத்துவது போல டிக் டிக் டிக் என்று ஒரே சத்தம். வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். திரும்பி வரும்போது சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், உண்மையில் உள்ளே ரிலே, அதாவது சோலனாய்டுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச், ஒட்டிக்கொண்டுவிட்டது. அதாவது வீடெக் நிரந்தரமாக ஆன், ஐடிலிங்கிலும்கூட.

ஐடிலிங்கில் ஆயில் அழுத்தம் மிகக் குறைவு. அந்தப் பூட்டு ஊசி முழுதாகப் போய்ப் பூட்டாது, பாதியில் நிற்கும், வெளியே தள்ளப்படும், மறுபடி போகும். அப்படி நான் பத்து நாள் ஓட்டியிருக்கிறேன், ஐடிலிங் குலுங்குகிறது, பெட்ரோல் குடிக்கிறது என்று புலம்பிக்கொண்டே. கடைசியில் வால்வ் கவரைக் கழற்றி ராக்கர்களை இறக்கிப் பார்த்தபோது இரண்டு சிலிண்டரில் அந்த ஊசிகளின் விளிம்பு மழுங்கிச் சில்லு பெயர்ந்திருந்தது. பழைய ராக்கர் செட் தேடிப்பிடித்து மாற்ற, கூலியோடு 14,000.

பெட்டியை என் மச்சினன் திறந்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவன். ஹீட் கன் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எபாக்சியைச் சுரண்டினான். உள்ளே இருந்தது ஆர்டுயினோ நானோ என்ற ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு, ஒரு நீல ரிலே போர்டு. பள்ளிப் பிள்ளைகள் பிராஜெக்ட்டுக்கு வாங்குவார்களே, அதேதான். "மாமா, இதப் பாருங்க" என்று காட்டினான். ஆயில் பிரஷர் என்று லேபிள் போட்ட ஒயரும் டெம்பரேச்சர் என்று லேபிள் போட்ட ஒயரும் எபாக்சிக்குள் ஒரு அங்குலம் போய் அப்படியே நறுக்கி விடப்பட்டிருந்தன. எதிலும் சேரவில்லை.

2400 ஏன் என்பதற்கும் அவன் விடை சொன்னான். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க், 4800-ல் நொடிக்கு 160. பெட்டி ஆர்.பி.எம்.-ஐ எண்ணுவது ஸ்பார்க் கொடுக்கும் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து, அந்த சிக்னல் சுத்தமானதில்லை, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறி, அப்புறம் மணி அடித்த மாதிரி அதிர்ந்து அடங்கும். அதை வடிகட்டாமல் ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக நானோவுக்குக் கொடுத்ததால் ஒரு ஸ்பார்க்கை அது இரண்டாக எண்ணியிருக்கிறது. விற்றவர் "டியூனிங்" என்றது இதைத்தான். போடும் வேகத்துக்கும் எடுக்கும் வேகத்துக்கும் இடைவெளி வைக்கவில்லை, அதனால்தான் ரிலே மாறி மாறி அடித்து அந்தப் பல்லிச் சத்தம். அணைக்கும்போது எகிறும் மின்சாரத்தை அடக்க சோலனாய்டுக்குக் குறுக்கே ஒரு டயோடு இல்லை, ஒவ்வொரு முறை அணையும்போதும் ரிலேயின் முனைகளில் தீப்பொறி. ஒரு டயோடு இரண்டு ரூபாய் இருக்குமா?

போட்டோ அனுப்பினேன். "எபாக்சியை உடைச்சுட்டீங்க, வாரண்டி போச்சு." அதற்கப்புறம் பிளாக். 1915-க்கு அழைத்தேன், நுகர்வோர் உதவி எண், முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான்.

வயிறு எரிவது எங்கே என்றால், என் வண்டிக்கு அந்தப் பெட்டியே தேவைப்படவில்லை. ஈசியூ ரிப்பேர் செய்யும் ஒருவர் அந்த டிரைவரை மட்டும் மாற்றி 3,500 ரூபாய்க்கு முடித்துக்கொடுத்தார். தனிப் பெட்டி போட்டால் வீடெக் ஆன் ஆனது ஈசியூவுக்குத் தெரியாது, பெட்ரோலும் டைமிங்கும் சின்ன கேமின் கணக்கிலேயே போகும், மேல் வேகத்தில் இன்ஜின் பெட்ரோல் போதாமல் காய்ந்து ஓடும் என்று அவர்தான் சொன்னார். 18,000 வாங்கியவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்ஜின் மாற்றியவர்கள், வீடெக் தெரியாத ஈசியூ வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பெட்டி தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன், இன்ஜின் சூடானதும், சோலனாய்டுக்குப் பதில் ஒரு சின்ன பல்பை மாட்டி, பெட்டியின் பிரஷர் ஒயரை எதிலும் சேர்க்காமல் விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். சொன்ன ஆர்.பி.எம்.-இல் எரிய வேண்டும், இருநூறு முந்நூறு கீழே இறங்கினால்தான் அணைய வேண்டும், நடுவில் மினுக்கக் கூடாது. ஹோண்டாவின் பிரஷர் ஸ்விட்ச் அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும், அழுத்தம் வந்தால் திறக்கும். ஆகவே பல்ப் எரியும்போது பெட்டியின் பிரஷர் ஒயரை வண்டியின் பாடியில் தொட்டுப் பிடித்தால் "ஆயில் வரவில்லை" என்று அர்த்தம், பல்ப் அணைந்தே ஆக வேண்டும். அணையவில்லை என்றால் அந்த ஒயர் எங்கேயும் போகவில்லை. இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது மிதித்தால் பல்ப் எரியவே கூடாது. முடிந்தால் இதற்கெல்லாம் முன்னால் சோலனாய்டுக்கு அடியில் இருக்கும் வலை ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், கோடு 22 (பிரஷர் ஸ்விட்ச் கோளாறு) வந்து வீடெக் ஆன் ஆகாத பல வண்டிகளில் அடைப்பு அங்கேதான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு விளம்பரத்தை அனுப்பி வாங்கலாமா என்று கேட்டார். அதே ஆள், அதே எபாக்சி, பெட்டி மட்டும் நீல நிறம். விலை 22,000. இந்த முறை எட்டு ஒயர்.