வேலூர்க் கோட்டையில் ஒரு மரபு நடை: 1806-இன் சிப்பாயைத் தேடி

வேலூர்க் கோட்டைக்குள் நடத்தப்படும் மரபு நடைகள் பெரும்பாலும் அகழியில் தொடங்கி, சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துச் சிற்பங்களோடு முடிந்துவிடும். அண்மையில் நான் கலந்துகொண்ட நடை வேறு வகையானது. வரலாற்றில் ஈடுபாடு கொண்ட சிலர் சிறு குழுவாக, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் நடத்தும் இந்த நடை, 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் வெடித்து அன்றே அடக்கப்பட்ட வேலூர்ப் புரட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதிலும், கும்பினியின் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) சம்பளத்தை வாங்கிக்கொண்டு கும்பினிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய சிப்பாயும், தூக்க மறுத்த சிப்பாயும் என்ன நினைத்திருப்பார்கள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நம்மை அழைத்துச் செல்கிறது. சில இடங்களில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு; இருந்தபோதிலும், தமிழ்நாட்டில் நான் கண்ட வரலாற்று நடைகளுள் இத்தனை பொறுப்போடு தயாரிக்கப்பட்ட வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

வழிகாட்டி வேலூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். கோட்டை வாயிலில் நின்றபடி, கோட்டை எந்த நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பதை இரண்டே வரிகளில் முடித்துவிட்டு, நேராகச் சிப்பாயின் வாழ்க்கைக்கு வந்துவிடுகிறார். மாதம் ஏழு ரூபாய் அளவில் சம்பளம். அந்தப் பணத்தில் ஒரு குடும்பம். பட்டாளத்தோடு கூடவே நகரும் மனைவி மக்கள். வழக்கமாகக் கோட்டைச் சுவருக்கு வெளியே குடிசைகள். கொடியின் முன் எடுத்த உறுதிமொழி ஒரு பக்கம் இருக்க, சோறு போட்டவனுக்குக் கடன்பட்டவன் என்ற உணர்வு அவனுக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை விளக்க, அவர் கர்ணனின் செஞ்சோற்றுக் கடனை எடுத்துக்காட்டுகிறார். அந்த ஓர் எடுத்துக்காட்டு குழுவில் இருந்த அனைவருக்கும், குறிப்பாகப் பள்ளி மாணவர்களுக்கு, பல பக்க விளக்கத்தைவிடத் தெளிவாகச் சென்று சேர்ந்ததைக் கண்டேன். அதற்கு மேல் அவர் எழுப்பும் கேள்விதான் முக்கியமானது. இந்தக் கோட்டைக்குள் 1799 முதல் திப்பு சுல்தானின் மக்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். மைசூரிலிருந்து வந்த குடும்பங்கள் வேலூர்ப் பேட்டையில் குடியேறியிருந்தன. பட்டாளத்துச் சிப்பாய்களுள் சிலர் முன்பு திப்புவிடம் பணிபுரிந்தவர்கள். முன்னாள் எசமானனின் பிள்ளைகளுக்கு இந்நாள் எசமானனின் சம்பளத்தில் சிறைக்காவலனாக நிற்கும் ஒருவன், செஞ்சோற்றுக் கடனை எந்தப் பக்கம் தீர்ப்பது?

சீருடை ஆணையைப் பற்றிய பகுதி அணிவகுப்புத் திடலின் அருகே நடக்கிறது. தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கின் காலத்தில் வந்த புதிய விதிகளின்படி நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய வகைத் தலைப்பாகையை அணிய வேண்டும். இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆயினும், அந்தத் தலைப்பாகை வெள்ளையர் அணியும் தொப்பியைப் போலவே இருந்ததால், அதை அணிந்துகொண்டு வீட்டுக்குப் போனால் உறவினர் தன்னைச் சாதியிலிருந்தும் சமயத்திலிருந்தும் விலக்கிவிடுவார்களோ என்று சிப்பாய் அஞ்சியதை வழிகாட்டி விரித்துச் சொல்லும்போதுதான், ஆணையின் முழுக் கனமும் விளங்குகிறது. அவன் அஞ்சியது தண்டனைக்கு மட்டுமன்று. தெருவுக்கும் பந்திக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுக்கும் அஞ்சினான். 1806 மே மாதத்தில் இதே வேலூரில் தலைப்பாகையை ஏற்க மறுத்த 21 பேர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கு விசாரணைக்கு அனுப்பப்பட்டு, ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட, மற்ற 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள் என்ற செய்தியையும் அவர் விடாமல் சொல்கிறார். மன்னிப்புக் கேட்டவர்களைக் கோழைகள் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதைக் கவனித்து மகிழ்ந்தேன்.

இந்த நடையின் உயிர்ப்பகுதி முஸ்தபா பேக்கைப் பற்றியது. முதலாம் படைப்பிரிவின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த இந்தச் சிப்பாய், புரட்சிக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே, சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் சென்று சொல்லிவிட்டார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பைப் பட்டாலியனின் இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்களுள் பலர் அந்தச் சதியில் பங்கு கொண்டிருந்தவர்கள். அவர்கள் முஸ்தபா பேக்கைப் பித்துப் பிடித்தவர் என்றும் நம்பத்தகாதவர் என்றும் கூறிவிட, அவரைக் காவலில் அடைத்தார்கள். புரட்சி வெடித்து அடங்கிய பின்னர், அதே முஸ்தபா பேக்குக்கு 2000 பகோடாவும் (அக்காலத் தங்க நாணயம்) சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. ஒரு பகோடாவுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கிட்டால் அது 7000 ரூபாய். ஒரு சாதாரணச் சிப்பாய் ஆயுள் முழுவதும் பணிபுரிந்தாலும் ஈட்ட முடியாத தொகை.

எங்கள் குழுவில் இருந்த ஒரு மாணவர் இந்த இடத்தில், “அண்ணா, அப்போ அவர் துரோகிதானே?” என்று கேட்டார். வழிகாட்டி உடனே ஆம் என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லவில்லை. “தம்பி, பரிசு அவருக்கு அப்புறம்தான் வந்தது. சொல்லப் போனப்போ அவருக்குக் கிடைச்சது விலங்குதான். அதையும் சேர்த்து வைச்சு யோசிங்க” என்றார். பணத்தாசை, உறுதிமொழிக்குக் கட்டுப்பட்ட மனம், நடக்கப்போகும் கொலைகளைப் பற்றிய அச்சம், சக வீரர்கள்மீதான தனிப்பகை என்று குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தை முன்வைக்க, அவற்றை அவர் பொறுமையாகக் கேட்டு, எந்தக் காரணம் எந்தச் சான்றோடு ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்று விளக்கிய அந்தக் கால்மணி நேரத்துக்காகவே இந்த நடைக்குக் கட்டணம் கொடுக்கலாம். வீரன், துரோகி என்ற இரண்டு பெட்டிகளுக்குள் 1806-இன் மனிதர்களை அடைத்துப் பழகிய நமக்கு இத்தகைய பயிற்சி மிகவும் தேவைப்படுகிறது.

புரட்சி நடந்த இரவை அவர் விவரிக்கும் முறையும் நன்றாக இருந்தது. மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால் சிப்பாய்களுள் பெரும்பாலோர் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்க நேர்ந்தது, விடியுமுன் முதல் குண்டு வெடித்தது, 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் உறங்கிய கொட்டடி தாக்கப்பட்டது, கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் சுடப்பட்டது, கொடிமரத்தில் திப்புவின் புலிக்கொடி ஏறியது என்று நிகழ்வுகளை அந்தந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறார். 14 அதிகாரிகளும் 69ஆம் படைப்பிரிவினர் 115 பேரும் கொல்லப்பட்டதை அவர் மெலிதாக்கவில்லை. உறக்கத்தில் கொல்லப்பட்டவர்களும், மருத்துவமனைப் படுக்கையில் கொல்லப்பட்டவர்களும் அதில் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அதே மூச்சில், ஃபான்கோர்ட்டின் மனைவி குழந்தைகளோடு ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த சிப்பாய்கள் அவர்களைக் கொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னார். அந்த அம்மையார் பிழைத்திருந்து எழுதிய குறிப்பு இன்றும் கிடைக்கிறது.

ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படையைப் பற்றிய பகுதிதான் எனக்குப் பெருத்த ஏமாற்றம் அளித்தது. கர்னல் கில்லெஸ்பி 19ஆம் டிராகூன் படையோடு பாய்ந்து வந்ததும், கோட்டைச் சுவரின் மேல் எஞ்சி நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் அவரைக் கயிற்றால் மேலே தூக்கிக்கொண்டதும், பின்னர் பீரங்கியால் வாயிற்கதவு தகர்க்கப்பட்டதும் உணர்ச்சியோடு சொல்லப்படுகின்றன. கில்லெஸ்பியோடு சென்னைக் குதிரைப்படையைச் சேர்ந்த இந்திய வீரர்களும் வந்தார்கள், உள்ளே புகுந்து புரட்சியாளர்களை வெட்டினார்கள் என்பது மட்டும் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. இந்த நடையின் அடிப்படைக் கேள்வியே சிப்பாயின் பிளவுண்ட விசுவாசம் என்றால், அதன் மறுபாதி இங்கேதான் இருக்கிறது. அந்தக் குதிரைவீரர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். திப்புவின் கொடி பறந்துகொண்டிருந்த கோட்டைக்குள், ஒரே சமயத்தவர்மீதும் ஒரே இராணுவத்தவர்மீதும் வாள் வீசுவதற்கு அவர்களை எது இயக்கியது? தம் பட்டாளத்தின் பெயரா, குதிரைவீரனுக்குக் காலாட்படையினன்மீது இருந்த விலகலா, வாங்கும் சம்பளமா? முஸ்தபா பேக் ஒருவருக்குக் கால்மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், இவர்களுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

அரண்மனைப் பகுதியில் ஒளிந்திருந்து பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தி, விசாரணை ஏதுமின்றிப் பீரங்கிக் குண்டுச் சிதறல்களால் கொன்றதை, கில்லெஸ்பியோடு இருந்த அதிகாரி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வழிகாட்டி சிறிது நேரம் எதுவும் பேசாமல் நின்றார், குழுவும் நின்றது. இராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பின் சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டதும், சிலர் சுடப்பட்டதும், தூக்கிலிடப்பட்டதும், நாடு கடத்தப்பட்டதும் அதன்பின் சுருக்கமாக வருகின்றன. கிராடக்கும் சென்னை ஆளுநர் பென்டிங்கும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டதோடு நடை முடிகிறது.

இந்த முடிவு அவசரமானது என்று கருதுகிறேன். வேலூரில் இருந்த மூன்று பட்டாலியன்களும் கலைக்கப்பட்டன. 1, 23 என்ற படைப்பிரிவு எண்களே சென்னை இராணுவத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முதலாம் படைப்பிரிவின் மரபில் வந்தவர்கள் 24 என்ற எண்ணின் கீழ்ப் பணியைத் தொடர்ந்தார்கள். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1817 நவம்பரில், நாக்பூர் போன்ஸ்லேயின் பெரும்படைக்கு எதிராகச் சீதாபல்டிக் குன்றில் கும்பினிக்காக நின்று போரிட்டவர்களுள் அவர்களும் இருந்தார்கள். அந்தப் போருக்குப் பின் அவர்கள் கேட்டது, தங்கள் பழைய எண்ணையும் பழைய சீருடை அடையாளத்தையும் திருப்பித் தரும்படிதான், அது வழங்கப்பட்டது. வேலூரில் அழிக்கப்பட்ட ஒரு பெயரை மீட்பதற்காக இந்தியச் சிப்பாய்கள் இன்னோர் இந்திய அரசனின் படைக்கு எதிராக உயிரைக் கொடுத்தார்கள் என்ற உண்மையை இந்த நடை சொல்லாமல் விடுவது, ஒரு பெரிய வாய்ப்பை இழப்பதாகும். நடையின் முடிவில் தரப்படும் சிறு கையேட்டிலும் இது இல்லை. அந்தக் கையேடு நல்ல தாளில், தெளிவான தமிழில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் மூன்று பட்டாலியன்களும் ஒருமனதாக எழுந்தன என்ற தோற்றத்தைத் தருகிறது. வழிகாட்டி வாயால் சொல்வதற்கும் கையேடு சொல்வதற்கும் உள்ள இந்த இடைவெளியை அடுத்த பதிப்பில் சரிசெய்ய வேண்டும்.

நடைமுறைச் செய்திகள் சில. நடை காலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் கோட்டைச் சுவரின் மேல் நிற்பது முதியவர்களுக்குக் கடினம். தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். சுவரின் மேல் ஏறும் சரிவு சில இடங்களில் கரடுமுரடாக இருப்பதால் மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே இருந்து கேட்கும்படி ஏற்பாடு செய்திருக்கலாம். எங்கள் நடையில் அது இல்லை. ஒரு குழுவுக்கு இருபது பேர் என்பது சற்று அதிகம், பின்வரிசையில் நிற்பவர்களுக்குப் போக்குவரத்து இரைச்சலில் வாயிலருகே சொல்லப்படுவது கேட்பதில்லை. கட்டணம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. உழைப்புக்கு இது நியாயமான தொகையே. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். தண்டனைகளைப் பற்றிய பகுதி அவர்களுக்கு உரியதன்று.

நடை கோட்டையோடு நின்றுவிடுகிறது. முடிந்த பிறகு, கோட்டைக்கு வெளியே 69ஆம் படைப்பிரிவினர் அடக்கம் செய்யப்பட்ட பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்துக்கும், மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுத் தூணுக்கும் தாமாகவே சென்று பார்க்குமாறு வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் கோட்டையிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. அமைப்பாளர்கள் இன்னும் அரைமணி நேரத்தைக் கூட்டி அவற்றையும் நடையில் சேர்த்துக்கொள்வார்களானால், கட்டணத்தைச் சற்று உயர்த்தினாலும் நான் மறுபடி முன்பதிவு செய்வேன்.