மகளின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்

அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் ஹைஸ்கூல் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மகளின் ஆங்கில வகுப்பு எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. வகுப்பில் படிக்கும் ரோமியோ ஜூலியட் நாடகம் சானட் என்ற 14 வரிக் கவிதையோடு தொடங்கும், வரிக்கு 10 அசை. சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டித் தட்டி எண்ணிக் காட்டினாள், சாம்பார் ஆறியே போனது.

முதல் கட்டுரைக்கு 'சி' வந்தது. அழுதுவிட்டாள். ஆனால் ஓரமெல்லாம் டீச்சர் பென்சிலில் கேள்விகள் எழுதியிருந்தார்: "இதற்கு எந்த வரி ஆதாரம்?" திருத்தி எழுதிக் கொடுக்கலாம் என்றார். மூன்றாவது தடவை 'ஏ'.

குறை என்றால், கட்டுரை திரும்பி வர மூன்று வாரம் ஆகிறது. அடுத்த வருடம் சேரும் பிள்ளைகள் இப்போதே தினமும் 20 பக்கமாவது வாசித்துப் பழகட்டும்.