மைக் இல்லாத ஒரு தியான வீடு

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒருநாள் தியானம் நடத்தும் சின்ன ஜெபவீட்டுக்குத் தாராளமாகப் போகலாம். கட்டணம் இல்லை, காணிக்கைப் பையும் மூக்குக்கு நேரே வராது. நடத்துகிற அண்ணன் குருவானவர் இல்லை. அபிஷேகம், வல்லமை என்று தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மத்தேயு 6-ல் இயேசு சொற்களை அடுக்காமல் ஜெபிக்கச் சொன்ன பகுதியை வாசித்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, அப்புறம் நம்மைச் சும்மா இருக்க விட்டுவிடுகிறார். ‘நான் சொன்னால் பேய் ஓடும்’ என்று மேடையில் அலறும் கூட்டங்களால் காது வலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பக்கத்திலேயே காற்றாடிமலை. 1752-ல் விசுவாசத்துக்காக அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயமும் குருவானவர் இல்லை, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர்தான். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றவரை 2022-ல் திருச்சபை புனிதராக அறிவித்தது. திருச்சபையில் பட்டமும் பதவியும் இல்லாத அவருக்கு எங்கிருந்து ஆன்மீக அதிகாரம் வந்தது என்பதைப் பற்றித்தான் மதியப் பேச்சு, அதுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்த பகுதி.

சாப்பாடு கஞ்சியும் பயறும், போதும். கழிப்பறை சுமார். ஆடி மாதம் என்றால் வேதாகமத்தின் பக்கங்களைக் காற்று புரட்டிக்கொண்டே இருக்கும், முன்வரிசையில் சுவரோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.