புலாஸ்கி: மலைப்பாதை வேலைக்கு எப்படி?

அமெரிக்காவின் நெடுந்தூர மலை நடைபாதையான அப்பலாச்சியன் தடத்தைப் பராமரிக்கும் தொண்டர்கள் கையில் அடிக்கடி காணும் கருவி இது. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி போல் குறுக்கு அலகு. தலை சுமார் ஒன்றே முக்கால் கிலோ, காம்பு 90 செ.மீ.

வேர் எடுக்க இதைவிடச் சிறந்தது இல்லை: அலகால் மண்ணை விலக்கி, திருப்பிப் பிடித்து வெட்டலாம். கோடரிப் பக்கத்தை மட்டும் மண்ணில் இறக்காதீர்கள்; ஒரே கல்லில் வாய் மழுங்கிவிடும். தீட்ட அரம் போதும். சாணை மிஷினில் காட்டினால் சூடேறி எஃகின் பதம் போய்விடும். தலை ஆடினால் ஆப்பை இறுக்காமல் வீசவே கூடாது. பக்கத்தில் நிற்பவர் உயிர் முக்கியம்.

மழைநீர் வடிய, மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. பள்ளத்துப் பக்கம் சாயும்படி பாதையை நிரவ இது சரிப்படாது. அதற்கு மெக்லியோட் வாங்குங்கள்; ஒரு பக்கம் அகலவாய் மண்வெட்டி, மறுபக்கம் பல்வாரி உள்ள கருவி அது.