நெல் வயலுக்குப் பெட்டியா, கோபுரமா?

நீர் தேங்கிய வயலின் சேற்றுக்குள் ஆக்ஸிஜன் போய்ச் சேர்வதில்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும். ஆனால் வயல் காய்ந்து நனையும்போது, போட்ட யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பலாம். நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால், அது எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு சூடேற்றும். எனவே விவசாயிக்குக் கார்பன் வரவு (வாயுவைக் குறைத்ததற்காகத் தரப்படும், விற்கக்கூடிய சான்று) எழுதுவதற்கு முன் இரண்டையும் அளந்தாக வேண்டும்.

பழைய வழி மூடிய பெட்டி. மண்ணில் முன்பே பதித்த சட்டத்தின் மேல் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து, அரை மணி நேரத்துக்குள் சில தடவை சிரிஞ்சில் காற்றை எடுத்து, ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பார்ப்பார்கள். பெட்டிக்குள் பயிரும் இருக்க வேண்டும். மீத்தேனின் பெரும்பகுதி நெற்பயிருக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. பயிரை விட்டு இடைவெளியில் பெட்டியை வைத்தால் அந்த அளவு வீண். சேற்றில் கால் வைத்தாலே குமிழி கிளம்பிக் கணக்கைக் கெடுத்துவிடும், அதனால் பலகை போட்டு அதன்மேல் நடப்பார்கள். வேலை கடினம், செலவு குறைவு. பெரிய குறை வேறு: ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தை வாரம் ஒரு முறை அளந்தால், உரமிட்ட பிறகு சில நாளே நீடிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வீச்சு தப்பிப்போகும்.

எடி கோவேரியன்ஸ் கோபுரம் அப்படித் தவறவிடாது. காற்றின் மேலும் கீழுமான அசைவையும் அதிலுள்ள வாயுவின் அளவையும் நொடிக்குப் பத்து, இருபது தடவை பதிந்து, பல நூறு மீட்டர் பரப்புக்குக் கணக்குச் சொல்லும். சரி, பரப்பு முழுக்க ஒரே மாதிரி வயல் இருந்தால்! வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ரகம், அந்தப் பக்கம் இன்னொன்று, நீர் கட்டிய நாளும் வேறு என்றால், வாயு யார் வயலிலிருந்து வந்தது என்று கோபுரத்தால் பிரிக்க முடியாது. காற்று அசையாத இரவுகளிலும் அதன் அளவை நம்ப முடியாது.

செயற்கைக்கோளும் விமானமும் எரிவாயுத் தளங்களுக்குத்தான் பொருத்தம். கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கில் 2015 அக்டோபர் முதல் 2016 பிப்ரவரி வரை நடந்த கசிவில் ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் வெளியேறியது. சிறு விமானம் பறந்துதான் அதை அளந்தார்கள். அங்கே பெட்டியைக் கவிழ்க்க இடமேது? வயலில் நிலைமை தலைகீழ். மீத்தேன் மெல்லியதாகப் பரவிக் கிளம்புகிறது, மழைக்காலத்தில் மேகம் வேறு மறைக்கும்.

சிறு விவசாயிகளின் வயலுக்கு என் தேர்வு பெட்டிதான். ஆனால் வாரம் ஒரு முறை போதாது. யூரியா போட்ட மறுநாளிலிருந்து வீச்சு அடங்கும்வரை தினமும், வயல் காயத் தொடங்கியதும் மறுபடி தினமும் எடுக்க வேண்டும். அதற்கு ஆள்கூலி ஒதுக்காத திட்டத்தின் எண்ணை நான் நம்ப மாட்டேன்.