செந்தூல் சவுண்ட் கடை: ஐந்துக்கு மூன்றரை

டயாலிசிஸ் மையத்துக்கு நிதி திரட்ட கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்திய இசை நிகழ்ச்சி டிவியில் நேரலையாகப் போனது. வசூலுக்குப் போலீஸ் பெர்மிட், மாநகர் மன்ற உரிமம், வெளிநாட்டுப் பாடகருக்குப் புஸ்பால் (வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசுக் குழு) அனுமதி என்று இரண்டு மாதம் தாள்களோடு ஓடியதில், சவுண்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். செந்தூலில் உள்ள இந்தக் கடை அப்படிக் கிடைத்ததுதான். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

கடைக்காரத் தம்பி விலை பேசும் முன்பே, “டிவிக்குத் தனி மிக்ஸ் இருக்காக்கா?” என்று கேட்டார். நான் முழித்தேன். மண்டபத்தில் டிரம்ஸ் மைக் இல்லாமலே காதைக் கிழிக்கும், அதனால் மைக் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் அதைக் குறைத்தே வைப்பார்களாம். அந்த மிக்ஸையே ஒளிபரப்பினால், வீட்டில் பாட்டு மட்டும் முன்னால் நிற்கும், டிரம்ஸ் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஆகவே ஒவ்வொரு மைக் வயரையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை மண்டபத்துக்கும் இன்னொன்றை டிவிக்காரர்களின் நேரலை வண்டியான ஓபி வேனுக்கும் கொடுத்தார். மொத்தம் 24 வயர். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மார்க்கரில் எண் எழுதியிருந்தார்.

இடைவேளையில் எல்லா வயர்லெஸ் மைக்கிலும் பேட்டரியைக் கழற்றி மைலோ டின்னில் போட்டார்.

“பாதி இருக்கே தம்பி?”

“பாதின்னு மைக்தானேக்கா சொல்லுது, அதை நம்ப முடியுமா!”

1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளியில் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னிக்கே முதல் இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை என்றேன். “அவருக்கு ஜனங்க கூடப் பாடியிருப்பாங்க. நம்ம டத்தோ பேச்சை யாருக்கா கூடப் பேசுறது?” என்றார்.

சரி, குறைக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு வர வேண்டிய லாரி பதினொன்றுக்குத்தான் வந்தது. வெட்டுப்பட்டது பிள்ளைகளின் ஒத்திகை. இரவில் அவர்கள் பாட்டு நடுவிலிருந்து தொடங்க, எட்டு வயதுக் குட்டிகள் பத்துப் பேர் கையைத் தூக்கியபடியே நேரலையில் உறைந்து நின்றார்கள். முன்வரிசைக் குட்டி மட்டும் பக்கவாட்டில் என்னைத் தேடினாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் பில். கொட்டேஷனில் இல்லாத ஓவர்டைம் 450 ரிங்கிட். சண்டை போட்டதும் பாதியைக் கழித்து, “மையத்துக்கு நன்கொடைன்னு வெச்சுக்குங்க, வரிவிலக்கு ரசீது மட்டும் கொடுங்க” என்கிறார்! தள்ளுபடிக்கு ரசீது கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடமும் அவரைத்தான் கூப்பிடுவேன். லாரி வரும் நேரத்தை மட்டும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.