பழைய பயிற்சி ஜெட் வாங்கினால் எது? அல்பட்ரோஸ், டெல்ஃபின், மாஜிஸ்டர், ஜெட் ப்ரோவோஸ்ட்

ஓய்வு பெற்ற ராணுவப் பயிற்சி ஜெட் ஒன்றை வாங்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எது வேகம் அதிகம்?" என்பதுதான். எல்-39 அல்பட்ரோஸ் மணிக்கு 750 கி.மீ. போகும். ஃபூகா மாஜிஸ்டர் 715. எல்-29 டெல்ஃபின் 655. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசம்தான். ஆனால் அமெரிக்க வான்வெளியில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது 463 கி.மீ.தான் எல்லை. வேறு பல நாடுகளிலும் ஏறக்குறைய இதே விதி. சரி, மேலே ஏறிவிடலாம் என்றால் 29,000 அடியிலிருந்து ஆர்.வி.எஸ்.எம். என்ற, விமானங்களுக்கிடையே உயர இடைவெளியைக் குறைத்துப் பறப்பதற்கான அனுமதி வேண்டும். அதற்கான துல்லியமான உயரமானிகள் இந்தப் பழைய ஜெட்களில் இருக்காது. ஜெட் எஞ்சின் சிக்கனமாக ஓடுவது உயரத்தில். நாமோ அது அதிகம் குடிக்கும் உயரத்திலேயே பெரும்பாலும் பறக்கப்போகிறோம்.

அதனால் நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. அடிக்கடி பறக்க முடிகிற ஜெட் எது என்றுதான் பார்க்கிறேன். மாதக்கணக்கில் ஹாங்கரில் நின்றால் விமானத்தின் சீல்கள் காய்ந்துபோகும், ஓட்டுபவரின் கையும் மறந்துபோகும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. அடிக்கடி பறக்க விடுவதும் விடாததும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எரிபொருள், உதிரி பாகம், நாம் உட்காரும் சீட்.

டெல்ஃபின் மலிவு, ஆனால்...

டெல்ஃபினும் அல்பட்ரோஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஏரோ வோடோகோடி ஆலையில் பிறந்தவை. டெல்ஃபின் 1959-ல் முதலில் பறந்தது. 1961-ல் நடந்த தேர்வில் சோவியத் யாக்-30, போலந்தின் இஸ்க்ரா இரண்டையும் முந்தி, வார்சா ஒப்பந்த நாடுகளின் பொதுப் பயிற்சி ஜெட்டாகத் தேர்வானது. போலந்து மட்டும் தன் இஸ்க்ராவையே வைத்துக்கொண்டது. 3,600-க்கு மேல் செய்தார்கள். அதனால் விற்பனைக்கு வரும்போது விலை குறைவாகவே இருக்கும்.

அந்த விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். டெல்ஃபினின் எம்-701 எஞ்சின் தருவது 890 கிலோ உந்துவிசை. அல்பட்ரோஸின் ஏஐ-25டிஎல் தருவது 1,720 கிலோ, ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு த்ராட்டிலில், அதாவது முழு சக்தியில், இரண்டும் மணிக்குக் குடிப்பது கிட்டத்தட்ட ஒரே அளவு, சுமார் ஆயிரம் கிலோ. டெல்ஃபினுடையது பழைய டர்போஜெட், உள்ளே வரும் காற்று முழுவதும் எரியறை வழியாகவே போக வேண்டும். அல்பட்ரோஸுடையது டர்போஃபேன், காற்றின் பெரும்பகுதி எரியறைக்குள் போகாமல் சுற்றிப் போய்த் தள்ளுகிறது. விமானத்தை ஒரு தடவைதான் வாங்குகிறோம், எரிபொருளை ஒவ்வொரு தடவையும் வாங்குகிறோம்.

அமெரிக்காவின் பழைய பயிற்சி ஜெட்டான டி-33-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். 1948-ல் பறந்த அந்த விமானத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. டாங்குகளை நிரப்பினால் 3,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். மூக்குச் சக்கரத்தை நேரடியாகத் திருப்ப வழியில்லை, பிரேக்கை ஒருபக்கமாக மிதித்துத்தான் திருப்ப வேண்டும். சக்கரம் குறுக்கே மாட்டிக்கொண்டால் தரையிலேயே நிற்க வேண்டியதுதான். அனுபவம் உள்ளவர்களுக்கு அது சரி. முதல் ஜெட்டாக வேண்டாம்.

அல்பட்ரோஸைப் பக்கத்தில் நின்று பார்த்தால்

அல்பட்ரோஸ் 1968 நவம்பர் 4-ல் முதன்முதலில் பறந்தது. 2,900-க்குக் குறையாமல் செய்யப்பட்டது. தனியார் கையில் இவ்வளவு பரவியதற்குக் காரணம், அதை ஸ்டார்ட் செய்யும்போதே புரிந்துவிடும். வெளியிலிருந்து எந்த வண்டியும் வர வேண்டாம். பேட்டரியைப் போட்டு 'டர்போ' பொத்தானை அழுத்தினால், உடம்புக்குள் இருக்கும் சஃபீர் என்ற குட்டி டர்பைன் கீச்சென்று எழும்பும். இருபது விநாடி கழித்து, தயார் என்று விளக்கு எரியும். அப்புறம் எஞ்சின் பொத்தான். சில விநாடிகளில் த்ராட்டிலை ஐடில் என்ற மிகக் குறைந்த சுழற்சி நிலைக்குத் தள்ளிவிட்டு, வெளியேறும் வாயுவின் வெப்பமானியை மட்டும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். முள் எல்லையைத் தாண்டப் பார்த்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு நிமிடக் கவனம் ஒரு எஞ்சினைக் காப்பாற்றும். பிரேக் ஸ்டிக்கிலேயே இருக்கிறது, சைக்கிள் பிரேக்கைப் பிடிப்பதுபோல விரல்களால் பிடிக்கலாம்.

இதன் ஒரே பெரிய குணக்கேட்டையும் சொல்லிவிட வேண்டும். ஐடிலில் இருக்கும் எஞ்சினை முழு சக்திக்குக் கொண்டுவர ஏறக்குறைய பத்து விநாடி பிடிக்கும். இறங்கும்போது மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் இருந்தால், அந்தப் பத்து விநாடிக்குள் 550 மீட்டர் கடந்துவிடுவோம், அதுவும் கீழே இறங்கிக்கொண்டே. ப்ரொப்பெல்லர் விமானம் ஓட்டிப் பழகிய கை, ரன்வே குட்டையாகத் தெரிந்தால் த்ராட்டிலைத் தள்ளும், உடனே பலன் வரும் என்று எதிர்பார்க்கும். இங்கே வராது. அதனால்தான் கற்றுக்கொடுப்பவர்கள் இறங்குமுகத்தில் த்ராட்டிலை முழுக்க இழுக்கவே கூடாது, எஞ்சினைச் சுழற்சியில் வைத்துக்கொண்டே வா என்று அடித்துச் சொல்வார்கள். இது பழக்கமாகும் வரை தனியாகப் பறக்கக் கூடாது.

எரிபொருள் 1,255 லிட்டர். உயரத்தில் நிதானமாக ஓட்டினால் இரண்டு மணி நேரம் தாங்கும். தாழ்வாகக் கரணம் அடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கத் தோன்றும்.

மாஜிஸ்டரின் அழகு, சீட்டின் கேள்வி

1952-ல் பறந்த ஃபூகா மாஜிஸ்டரை வடிவமைத்தவர்கள் கிளைடர் செய்து பழகியவர்கள். நீண்ட மெல்லிய இறக்கையிலும் 'வி' வடிவ வாலிலும் அது தெரியும். 1964 முதல் 1980 வரை பிரான்ஸ் விமானப்படையின் பத்ரூய் த ஃபிரான்ஸ் சாகசக் குழு பறந்தது இதில்தான். இரண்டு மார்போரே எஞ்சின், ஒவ்வொன்றும் 400 கிலோ உந்துவிசை. பின்சீட்டில் உட்காரும் ஆசிரியருக்கு முன்னால் எதுவும் தெரியாது என்பதால் நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதுபோல ஒரு பெரிஸ்கோப் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக ரன்வேயைப் பார்த்து இறக்குவது தனிப் பாடம். அல்பட்ரோஸில் பின்சீட்டையே உயர்த்தி அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள்.

மாஜிஸ்டரில் இஜெக்‌ஷன் சீட், அதாவது ஆபத்தில் விமானியை விமானத்துக்கு வெளியே தூக்கி எறியும் சீட், கிடையாது. இதைக் குறையாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். சொந்தக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் அவ்வளவு எளிதல்ல. இஜெக்‌ஷன் சீட் என்பது வெடிமருந்து. அதன் தோட்டாக்களுக்குக் காலாவதித் தேதி உண்டு, வாங்கவும் வைத்திருக்கவும் மாற்றவும் அனுமதியும் ஆளும் வேண்டும். விபத்து நடந்தால், உதவிக்கு ஓடிவருபவருக்கே அது ஆபத்து. அதனால் பலர் அல்பட்ரோஸ் சீட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டே பறக்கிறார்கள். இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த சீட் தரைமட்டத்திலேயே வேலை செய்யும், 150 கி.மீ. வேகம் இருந்தால் போதும். ஒற்றை எஞ்சின் விமானம் அது. எஞ்சின் நின்றால் இறங்குமிடம் ரன்வேயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும் என்று நினைத்துச் செய்தது. அந்த இரண்டாவது வழியை அடைப்பதென்றால், விமான தளத்தை விட்டு எவ்வளவு தூரம் போகிறோம் என்பதையும் சுருக்கிக்கொள்ள வேண்டும். மாஜிஸ்டரில் அந்தக் கணக்கு வேறு: இரண்டு எஞ்சின், நன்றாக மிதக்கும் இறக்கை, முதுகில் பாராசூட்.

பக்கத்தில் உட்காரும் ஜெட்

ஜெட் ப்ரோவோஸ்ட் மட்டும் இந்தக் கூட்டத்தில் வேறு மாதிரி. ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்காருவார்கள். தவறான ஸ்விட்ச்சை நோக்கிப் போகும் கையைப் பார்த்துத் தடுக்கலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. 1954-ல் பறந்தது, பிரிட்டிஷ் விமானப்படையில் 1993 வரை இருந்தது. கடைசி வகையான டி.5-ல்தான் காக்பிட்டுக்குக் காற்றழுத்தம் உண்டு. அதன் வைப்பர் எஞ்சின் இந்தியாவின் கிரண், இத்தாலியின் எம்பி-326, ஆரம்பகால ஹெச்.எஸ்.125 பிசினஸ் ஜெட் என்று எங்கெங்கோ ஓடியது, அதனால் அதை அறிந்த கைகள் அதிகம். அல்பட்ரோஸின் எஞ்சினுக்கோ தாய்வீடு உக்ரைனின் ஜபோரிஷியா. 2022-ல் போர் தொடங்கிய பிறகு அந்த ஊரின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். வாங்கும்போதே கூடுதல் உதிரி பாகங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று கேட்பது நல்லது.

ப்ரோவோஸ்டில் கவனிக்க வேண்டியது உலோகச் சோர்வு. எவ்வளவு ஜி விசையை, அதாவது கரணங்களில் விமானத்தை அழுத்தும் பாரத்தை, எத்தனை முறை தாங்கியது என்று எண்ணும் மீட்டர் வைத்து விமானப்படை கணக்கு எழுதியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஆயுள் அந்தத் தாளில் இருக்கிறது, பளபளக்கும் பெயிண்டில் இல்லை.

அனுமதிக் காகிதங்களும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்டல் எக்ஸிபிஷன்' சான்றிதழ், காசு வாங்கி ஆளை ஏற்ற முடியாது. பிரிட்டனில் 'பெர்மிட் டு ஃப்ளை'. 2015 ஆகஸ்ட் 22-ல் ஷோரம் ஏர்ஷோவில் பழைய ஹன்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே கெடுபிடி கூடியது, கூடியதும் நியாயமே.

முதல் ஜெட் வாங்குபவருக்கு நான் அல்பட்ரோஸைத்தான் சொல்வேன், சீட் உயிரோடு இருந்தால். பராமரிக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தால் ப்ரோவோஸ்ட் டி.5. பறப்பதை மட்டுமே விரும்புகிறவருக்கு மாஜிஸ்டர், இரண்டு எஞ்சினின் செலவையும் தாங்குவதென்றால். எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எஞ்சின் லாக்புக்கைத் திறந்து, கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் எத்தனை முறை ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றோ நாலோதான் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுங்கள்.